நாற்பத்தொன்பதாவது வளைவில் பதில் இல்லை

எங்கள் மலைக்கிராமம் ஓகுதானியில் விளக்கு எரிகிற வீடுகள் ஒன்பது. வேலைக்குப் போகிறவர்கள் விடிந்தும் விடியாமலும் தங்கள் தங்கள் வண்டியில் மலை இறங்கிவிடுவார்கள். இருட்டிய பிறகுதான் திரும்புவார்கள். பகலில் ஊரில் மிஞ்சுகிற வண்டி ஒன்றே ஒன்று. இசோகாய் தொகுஸோவின் வெள்ளைக் குட்டி வேன். பின்கதவில் முதிய ஓட்டுநர் என்று காட்டும் நான்கு இலைக் காந்தப் பட்டை ஒட்டியிருக்கும். வண்டிக்கு வயது பத்தொன்பது. ஓட்டுகிறவருக்கு எண்பத்திரண்டு.

செவ்வாயும் வெள்ளியும் அந்த வேன் மூன்று பெண்களை ஏற்றிக்கொண்டு பதினான்கு கிலோமீட்டர் கீழே உள்ள நகரத்துக்குப் போகும். முட்டிவலிக்காரி ஹருயோ, எண்பத்தாறு வயது. இரத்த அழுத்தக்காரி குனியே, எண்பத்து நான்கு. எந்த நோயும் இல்லாத சயோகோ, அறுபத்தெட்டு. இவர் கடைக்குப் போவதற்காகவே வருகிறவர். பெயரோடு மரியாதைக்கு 'சான்' சேர்த்து நாங்கள் கூப்பிடும் தொகுசான் காசு வாங்க மாட்டார். வாங்கினால் அது டாக்சி, உரிமம் இல்லாத டாக்சி சட்டப்படி குற்றம். ஆனால் வாசலில் யாரோ வைத்துவிட்டுப் போகிற முள்ளங்கியைத் தடுக்கும் சட்டம் இன்னும் வரவில்லை. நவம்பர், டிசம்பர் குளிரில் அவர் வீட்டு வாசலைப் பார்த்தால் முள்ளங்கி மண்டி மாதிரி இருக்கும்.

வேனுக்கு முன்னால் அவர் ஓட்டியது பள்ளிப் பேருந்து. இருபத்திரண்டு வருடம். வெள்ளைக் கையுறை போட்டு, வண்டியைச் சுற்றி வந்து, ஒவ்வொன்றாக விரல் நீட்டிச் சத்தமாகச் சொல்வார்: "முன்னாடி சரி! பின்னாடி சரி! கதவு சரி!" பிறகு உள்ளே திரும்பிப் பிள்ளைகளை எண்ணுவார். ஓகுதானிப் பள்ளியின் கடைசி மாணவன் நான். கடைசி இரண்டு வருடம் அந்தப் பேருந்தில் பயணி நான் ஒருவன்தான். அப்போதும் தினமும் எழுந்து நின்று, காலியான இருக்கை வரிசைகளுக்கு நடுவே என்னைப் பார்த்து விரல் நீட்டுவார்: "ஒண்ணு! எல்லாரும் சரி!"

"நான் ஒருத்தன்தானே இருக்கேன், எண்ணித்தான் ஆகணுமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒருத்தன விட்டுட்டுப் போனா மொத்தப் பேரையும் விட்டுட்டுப் போன மாதிரி ஆயிடுமே" என்றார்.

இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பிள்ளையையும் அவர் விட்டுவிட்டு வந்ததில்லை. அவருடைய பெருமை முழுக்க அந்த ஒரு வரியில்தான் இருந்தது. அதை வாரத்துக்கு ஒருமுறையாவது யாரிடமாவது சொல்லிவிடுவார்.

அவர் எண்ணிய அந்த ஒற்றைப் பிள்ளையான நான் வளர்ந்து, எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாகப் பல்கலைக்கழகம் போய், நான்கு வருடம் சமூகவியல் படித்து முடித்தேன். 'மலைக்கிராமங்களில் பொதுப் போக்குவரத்து' என்று எண்பத்து நான்கு பக்கத்தில் ஆய்வேடு எழுதினேன். என் அப்பா இன்றைக்கும் அதைக் கடவுள் மாடத்துக்குக் கீழே வைத்திருக்கிறார், பிரித்துப் பார்த்ததில்லை. அந்த ஆய்வேட்டின் பலனாக நகர அலுவலகத்தில் போக்குவரத்துப் பிரிவில் வேலை கிடைத்தது. முதல் வேலையாக என் கையில் ஒரு கட்டு துண்டறிக்கையைக் கொடுத்தார்கள். முதியவர்களைப் பார்த்துப் பேசி, ஓட்டுநர் உரிமத்தைத் தாங்களாகவே திருப்பிக் கொடுக்க வைக்க வேண்டுமாம்.

ஊரில் இருந்த ஒரே முதிய ஓட்டுநர் யாரென்று சொல்லத் தேவையில்லை.

"வாப்பா, பட்டதாரி" என்றார் தொகுசான். துண்டறிக்கையைக் கண்ணாடி போட்டு நிதானமாகப் படித்தார். "குடுத்தா என்ன குடுப்பீங்க?"

"வெந்நீர் ஊற்றுக் குளியலுக்குச் சலுகை. முடி வெட்டுறதுக்குச் சலுகை."

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைக் காட்டினார். அங்கே வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

"அப்புறம்?"

"பன்னெண்டு பேருந்துச் சீட்டு."

"எந்தப் பேருந்துக்கு?"

நான் துண்டறிக்கையைத் திருப்பிப் பார்த்தேன். எங்கள் மலைக்கு வந்துகொண்டிருந்த பேருந்தை இரண்டு வருடம் முன்பே நிறுத்தியாகிவிட்டது. துண்டறிக்கையை அச்சடித்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

"உன்னைத் திட்டலப்பா" என்றார். "நான் குடுத்துட்டா ஹருயோவோட முட்டிக்கு யாரு பதில் சொல்றது? அதுக்கு ஒரு அறிக்கை அடிச்சுட்டு வா, அப்போ பேசலாம்."

ஆனால் அவர் கொடுக்காவிட்டாலும் உரிமம் போய்விடும் அபாயம் இருந்தது. எழுபத்தைந்து தாண்டியவர்கள் உரிமத்தைப் புதுப்பிக்க நினைவாற்றல் சோதனை எழுத வேண்டும். பதினாறு படம் காட்டுவார்கள். பிறகு ஒரு தாளைக் கொடுத்து சில எண்களைக் கோடு போட்டு அடிக்கச் சொல்லிக் கவனத்தைக் கலைப்பார்கள். பிறகு, பார்த்த படங்களை எழுதச் சொல்வார்கள். மூன்று வருடம் முன்பு தொகுசானுக்கு ஒன்பது படம்தான் நினைவுக்கு வந்தது. பிரமாதமாகத் தேறினார் என்று சொல்ல முடியாது, ஆனாலும் தேறினார். அடுத்த சோதனை அக்டோபரில். இந்த முறை விட்டால் வேன் நிற்கும். வேன் நின்றால் மூன்று பெண்களும் மலையிலேயே நிற்க வேண்டியதுதான்.

ஆகவே மூன்று பெண்களும் கூட்டம் போட்டார்கள். கூட்டம் நடந்தது வேனுக்குள்.

"டேய் தொகு, நீ தோத்துட்டா என் முட்டிக்கு ஊசி?" என்றார் ஹருயோ. அவருக்கு தொகுசானை மூக்கொழுகின காலத்திலிருந்து தெரியும் என்பதால் 'டேய்' இன்னும் போகவில்லை.

"படம் மறந்து போகுது அக்கா. நான் என்ன வேணும்னா மறக்குறேன்?"

"உனக்கு ரோடு மறக்குதா?"

"ரோடு எப்படி மறக்கும்? அறுபத்து நாலு வளைவு. கண்ணக் கட்டிவிட்டாலும் ஓட்டுவேன்."

"கண்ணத் தொறந்தே ஓட்டுங்க" என்றார் குனியே பின்னாலிருந்து. "எனக்கு ஏற்கெனவே நூத்தம்பது காட்டுது."

சயோகோ மட்டும் கையில் இருந்த பயிற்சிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். புத்தகக்கடையில் வாங்கியது. படத்தொகுதிகள் மொத்தம் நான்கு, நான்கும் அதில் இருந்தன. தேர்வில் எது வரும் என்பதுதான் தெரியாது. "நாலு தொகுதி. ஒண்ணுக்குப் பதினாறு படம்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "அறுபத்து நாலு" என்றார்.

மலைப்பாதையில் வளைவும் அறுபத்து நான்கு. வேனுக்குள் எல்லோரும் ஒன்றாகப் பேச ஆரம்பித்தார்கள்.

அன்றிலிருந்து நகரத்திலிருந்து ஊர் திரும்பும் வழி பள்ளிக்கூடமாக மாறியது. முதல் வளைவில் பீரங்கி. இரண்டாவதில் ஆர்மோனியப் பெட்டி. மூன்றாவதில், வழுக்குப் பாறை ஓரத்தில், ஒரு காது. இப்படி வளைவுக்கு ஒரு படம். ஆளுக்கு ஒரு தொகுதி பொறுப்பு: முதல் பதினாறு ஹருயோ, அடுத்த பதினாறு குனியே, மூன்றாவது தொகுதி தொகுசானே சொல்ல வேண்டும், நாற்பத்தொன்பதாவது வளைவிலிருந்து ஊர் எல்லை வரை சயோகோ. வேன் திரும்பும்போது தொகுசான் வளைவின் எண்ணைச் சொல்வார், பொறுப்பாளர் படத்தின் பெயரைச் சொல்வார், தொகுசான் திருப்பிச் சொல்வார்.

"பன்னெண்டு!"

"பாவாடை!" என்பார் ஹருயோ.

"பாவாடை, சரி!"

"அந்த மரத்துல மாட்டிப் பாரு, அப்பத்தான் நிக்கும்."

"மாட்டியாச்சு அக்கா. சிவப்புல."

கோடை முழுவதும் அந்த மலைப்பாதையில் பாவாடை காய்ந்தது, சிங்கம் படுத்திருந்தது, வாணலி தொங்கியது. செப்டம்பரில் தொகுசான் ஓட்டும்போது அறுபத்து நான்கையும் தலைகீழாகச் சொன்னார். சொந்த மகனின் தொலைபேசி எண் கேட்டால் மட்டும் சட்டைப் பையில் தேடுவார்.

சோதனை ஒரு வெள்ளிக்கிழமை, நகரத்து ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில். மூன்று பெண்களும் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள், தேர்வெழுதும் பிள்ளையின் தாய்மார்கள் மாதிரி. ஒரு மணி நேரம் கழித்து தொகுசான் வெளியே வந்தார். முகத்தில் சிரிப்பு ஒரு காதிலிருந்து மறு காதுக்குப் போயிருந்தது.

"குனியேசான், உங்க தொகுதி வந்துச்சு! பதினாறும் எழுதிட்டேன்!"

குனியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"நேரம் மிஞ்சிச்சு. அதனால மத்த நாப்பத்தெட்டையும் பின்பக்கம் எழுதிக் குடுத்துட்டேன்."

"எதுக்கு?" என்றார் சயோகோ.

"வீணாப் போயிடக் கூடாதுல்ல?"

தாளைத் திருத்திய இளம்பெண் பின்பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாளாம். கடைசியில், மறதி நோய் குறித்துக் கவலைப்பட ஒன்றும் இல்லை என்று எழுதிய தாளைக் கொடுத்து அனுப்பினாள். அதைத் தொகுசான் நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தார்.

கொண்டாட்டத்தோடு சூப்பர் மார்க்கெட் போனார்கள். அரிசி விலை ஏறி, வீட்டுக்கு ஒரு மூட்டைதான் என்று பலகை வைத்திருந்த நாட்கள் அவை. சயோகோவுக்குக் கடைசி மூட்டை கிடைத்தது. அதைத் தன் இருக்கையில் நிமிர்த்தி வைத்து, சரியாமல் இருக்கத் தன் கோட்டைப் போர்த்தி, மேலே தொப்பியையும் வைத்தார். "டோஃபு வாங்க மறந்துட்டேன், இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினார். சொன்னது அரிசி மூட்டைக்கு மட்டும்தான் கேட்டிருக்க வேண்டும். ஹருயோ காதுக் கருவியைக் கழற்றி மின்கலம் மாற்றிக்கொண்டிருந்தார், குனியே தேர்வுத் தாளை வாங்கி மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

தொகுசான் வந்தார். வெள்ளைக் கையுறை. வண்டியைச் சுற்றினார். "முன்னாடி சரி! பின்னாடி சரி! கதவு சரி!" உள்ளே விரல் நீட்டினார். "ஹருயோ அக்கா, சரி! குனியேசான், சரி!" விரல் கோட்டையும் தொப்பியையும் தொட்டது. "சயோகோசான், சரி!"

வண்டி கிளம்பியது.

அன்று பாடம் தேவையே இல்லை. ஆனாலும் வெற்றிப் பவனி இல்லாமல் எப்படி? முதல் பதினாறை ஹருயோ கத்தினார். இரண்டாவது பதினாறை குனியே பாட்டாகவே பாடினார், அவருடைய தொகுதிதானே வென்றது. மூன்றாவதைத் தொகுசான், பின்னாலிருந்து வந்த கைதட்டலோடு முடித்தார்.

"நாப்பத்தொம்போது! சயோகோசான், சொல்லுங்க!"

பதில் இல்லை.

"யோசிக்கிறாங்க" என்றார் குனியே.

"அம்பது!"

பதில் இல்லை.

"கோவமா? அவங்க தொகுதி வரலன்னு கோவமா?" தொகுசான் கண்ணாடியில் பார்த்தார். தொப்பி அசையாமல் இருந்தது. "அம்பத்தொண்ணு. சயோகோசான், உங்க தொகுதிதான் ரொம்பக் கஷ்டமான தொகுதி, எனக்குத் தெரியும்."

ஹருயோ கையை நீட்டித் தோளைத் தட்டினார். தோள் கரகரவென்று அரிசிச் சத்தம் போட்டது.

"டேய், நிறுத்துடா!"

அந்தப் பாதையில் வண்டி திருப்ப இடம் கிடையாது. ஊர் வரை போய்த்தான் திரும்ப வேண்டும். குனியே கைபேசியை எடுத்து சயோகோவுக்கு அழைத்தார். அரிசி மூட்டையிலிருந்து மணி அடித்தது. கோட்டுப் பையில் கைபேசி.

கீழே சயோகோ டோஃபுவோடு வெளியே வந்து, வேன் நின்ற இடத்தைப் பார்த்து, கடைக்காரரின் தொலைபேசியிலிருந்து அவருக்கு நினைவில் இருந்த ஒரே எண்ணுக்கு அழைத்தார். அது நகர அலுவலகத்தின் எண். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது கடை வாசல் பெஞ்சில் அமைதியாக உட்கார்ந்திருந்தார்.

"வாங்க, நான் கொண்டுபோய் விடறேன்" என்றேன்.

"வேணாம் தம்பி. அவரு வருவாரு. வந்து நான் இல்லன்னா அவரு தாங்க மாட்டாரு."

முக்கால் மணி நேரத்தில் வேன் வந்தது. தொகுசான் இறங்கினார். தொப்பியைக் கழற்றி, இடுப்பு மடங்கும் வரை குனிந்தார், நிமிரவே இல்லை. கடைக்கு வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"போதும், நிமிருங்க" என்றார் சயோகோ. "டோஃபு சூடாகுது."

நிமிர்ந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பையிலிருந்து தேர்வுத் தாளை எடுத்தார். எடுத்தவர் பிரிக்கவில்லை.

"புத்தகத்துல இருந்த அறுபத்து நாலும் தெரிஞ்சுது தம்பி. வண்டில இருந்த மூணு தெரியல." என்னைப் பார்த்தார். "விரல் நீட்டினேன். வாய்விட்டுச் சொன்னேன். எல்லாம் முறையாத்தான் பண்ணேன். பாக்கல. அந்த இருக்கைல நீ இருந்திருந்தா? ஏழு வயசுல?"

நான் பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இருபத்திரண்டு வருஷம்..." என்று ஆரம்பித்தார். வழக்கமான அந்த வரியை முடிக்கவில்லை. "உன் துண்டறிக்கை இருக்கா?"

"வேணாம்" என்றேன். வேலைக்குச் சேர்ந்த பிறகு அந்தத் தாளை நான் மறைத்தது அது ஒரு முறைதான். "நீங்க குடுத்துட்டா இவங்கல்லாம்..."

சயோகோ கைப்பையைத் திறந்தார். உள்ளே தேடி ஓர் அட்டையை எடுத்துப் பெஞ்சில் வைத்தார். ஓட்டுநர் உரிமம். தங்கக் கோடு போட்டது. பல வருடம் ஒரு தவறும் செய்யாதவர்களுக்குக் கிடைப்பது.

தொகுசான் கண்ணாடி போட்டுப் பார்த்தார். "உங்களுதா?"

"நாப்பத்தொரு வருஷமா ஒரு விபத்து கிடையாது."

"நீங்க வண்டியே ஓட்டலையே!"

"அதனாலதான் கிடையாது."

தபால் நிலையத்தில் அடையாளம் காட்டத்தான் அதைப் புதுப்பித்துக்கொண்டே வந்திருக்கிறார். உரிமம் எடுத்த மூன்றாம் நாள் மாமியாரின் சீமைப் பனிச்சை மரத்தில் இடித்தாராம். மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கணவர், "உனக்குப் பக்கத்து சீட்டுதான் அழகு" என்றாராம். கணவர் போய் ஆறு வருடம், மாமியார் போய் இருபது வருடம் ஆகிறது. மரம் இன்னும் காய்க்கிறது.

"பயமா இருக்கு" என்றார் சயோகோ. "ஆனா நாப்பத்தொம்போதாவது வளைவுலேருந்து எனக்கு மனப்பாடம்."

"மத்த நாப்பத்தெட்டு?"

"அதுக்கு நீங்க பக்கத்துல இருப்பீங்கல்ல?"

மூடிக்கிடக்கிற எங்கள் பள்ளி மைதானத்தில் இரண்டு வாரம் பயிற்சி நடந்தது. நடுவில் மூன்று நாள் பயிற்சிப் பள்ளியிலும் பணம் கட்டிக் கற்றுக்கொண்டார். மைதானத்தில் வாளிகளைக் கவிழ்த்து வளைவு செய்தார்கள். ஊஞ்சலில் உட்கார்ந்து ஹருயோ நடுவராக இருந்தார்.

"சயோகோ, இப்ப ஏத்துனது நாலாவது வாளி!"

"அது வாளி இல்ல, தொகுசானோட சாப்பாட்டு டப்பா!" என்றார் குனியே.

"பரவால்ல, காலி டப்பாதான்" என்றார் தொகுசான். பத்தொன்பது வயது வேன் ஒவ்வொரு முறை உறுமும்போதும் கண்ணை மூடிக்கொள்வார். ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. சயோகோ ஒருமுறை இறங்கி, "என்னால ஆகாது" என்று சாவியை நீட்டினார். அவர் வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, போய் வாளிகளை மறுபடி அடுக்கினார்.

உரிமத்தைத் திருப்பிக் கொடுக்கக் காவல் நிலையத்துக்குத் தொகுசானே ஓட்டிக்கொண்டு போனார். மூன்று பெண்களும் பின்னால். அன்று எந்த வளைவிலும் யாரும் படம் சொல்லவில்லை. நான் அலுவலக வண்டியில் முன்னாலேயே போய்க் காத்திருந்தேன். ஜன்னலில் இருந்த காவலர் படிவத்தைப் பார்த்து, "சோதனைல தேறியிருக்கீங்களே, ஐயா! காரணம்னு என்ன எழுத?" என்றார்.

"அரிசி மூட்டைன்னு எழுதுங்க."

காவலர் 'சொந்த விருப்பம்' என்று எழுதிக்கொண்டார்.

என் பங்குக்கு நான் உறையை நீட்டினேன். குளியல் சலுகை, முடிவெட்டுச் சலுகை, பன்னிரண்டு பேருந்துச் சீட்டு. தொகுசான் சீட்டுகளைத் தனியாக எடுத்து எண்ணினார். வெளியே வந்து, வாழ்க்கையில் முதல்முறையாக, தான் ஏறுவதற்காகத் தன் வேனின் இடப்பக்கக் கதவைத் திறந்தார். ஓட்டுநர் இருக்கையில் சயோகோ. தொகுசான் உட்காரும் முன் ஒரு சீட்டை நீட்டினார்.

சயோகோ அதை வாங்கி, இரண்டு பக்கமும் பார்த்து, சரியாகப் பாதியில் கிழித்துத் திருப்பிக் கொடுத்தார். "உள்ள போங்க, பெரியவரே. வழியில நிக்காதீங்க."

பின்கதவில் நான்கு இலைப் பட்டைக்குப் பக்கத்தில் இன்னொரு காந்தப் பட்டை புதிதாக ஒட்டியிருந்தது: புதிதாக ஓட்டுகிறவர்களுக்கான தளிர் இலை. முதியவர், புதியவர் இரண்டும் ஒரே வண்டியில் இருப்பதைப் பார்த்த நகரத்து ஓட்டுநர்கள் ஐம்பது மீட்டர் தள்ளியே நின்றார்கள். ஓகுதானி மலைப்பாதையின் முதல் போக்குவரத்து நெரிசல் அன்று ஏற்பட்டது. வேனுக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் தபால் வண்டி, அதற்குப் பின்னால் எரிவாயு உருளை வண்டி. வேகம் இருபது. ஜன்னல்கள் திறந்திருந்ததால் எனக்கே கேட்டது.

"பன்னெண்டு! மெதுவா, மெதுவா..."

"பாவாடை!"

"பாவாடை சரி! கொஞ்சம் இடப்பக்கம் வாங்க, பாவாடைல இடிக்கப் போறீங்க!"

நாற்பத்தொன்பதாவது வளைவில் யாரும் எண் சொல்லவில்லை. தேவைப்படவில்லை. சயோகோ தானாகவே சொல்லிக்கொண்டு போனார், ஒன்றன்பின் ஒன்றாக, சத்தமாக. ஊர் வந்தபோது ஒன்றே கால் மணி நேரம் ஆகியிருந்தது. எரிவாயுக்காரர் ஒருமுறைகூட ஒலிப்பான் அடிக்கவில்லை. அவரும் தொகுசானின் பேருந்தில் பள்ளிக்குப் போனவர்தான்.

வண்டி நின்றதும் தொகுசான் பழக்கத்தில் கதவைத் திறந்து எண்ண வந்தார். கையுறை போட்டிருக்கவில்லை. இந்த முறை விரல் நீட்டியதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு தோளையும் தொட்டார்.

"ஹருயோ அக்கா, சரி. குனியேசான், சரி. சயோகோசான், சரி. எல்லாரும் சரி."

"இல்ல" என்றார் சயோகோ.

தொகுசான் திடுக்கிட்டு மறுபடி உள்ளே எட்டிப் பார்த்தார். மூன்று பேரும் இருந்தார்கள்.

சயோகோ ஓட்டுநர் இருக்கையிலிருந்து திரும்பி, அவர் நெஞ்சை நோக்கி நேராக விரலை நீட்டினார்.

"தொகுசான், சரி."

எண்ணியே பழகியவர், எண்ணப்பட்டது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். என்ன செய்வதென்று தெரியாமல் தொப்பியைக் கழற்றினார், திரும்பப் போட்டார். ஹருயோவின் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

"செவ்வாய்க்கெழம எத்தன மணிக்கு?" என்று கேட்டார், இறங்கிய பயணி மாதிரி.

"எட்டரைக்கு" என்றார் சயோகோ. "தாமதமா வந்தா விட்டுட்டுப் போயிடுவேன்."